கடையில் இருப்பது ரெண்டே பிராண்டு... கடலுக்கடியில் மூச்சு கொடுக்கப்போவது எது?

கள்ளக்குறிச்சி பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, அப்பாவோ மாமாவோ மேலிருந்து தள்ளிவிடுவார்கள். நாலு மடக்கு தண்ணீர் குடித்தால் நீச்சல் வந்துவிடும். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்து ஊரில் பிறந்த அந்த இளைஞரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

இப்போது அவருக்குச் சென்னையில் வேலை. புதுச்சேரி கடலில் ஸ்கூபா பயிற்சி எடுத்து, 18 மீட்டர் ஆழம் வரை இறங்குவதற்கான சான்றிதழும் வாங்கிவிட்டார். அடுத்த ஆசை, சொந்தமாக ஒரு ரெகுலேட்டர். சிலிண்டரில் இருந்து வரும் காற்றை, ஆழத்துக்குத் தகுந்த அழுத்தத்தில் வாய்க்குக் கொடுக்கும் கருவி அது.

ராத்திரி ராத்திரியாக வீடியோக்கள் பார்த்து ஒரு மாடலை முடிவு செய்துவைத்திருந்தார். கடைக்குப் போனால், இருந்தவை இரண்டே பிராண்டுகள். அவர் தேடிப்போனது அதில் இல்லை.

“நம்மகிட்ட இதுதான் தம்பி” என்றார் கடைக்காரர்.

ஸ்கூபாப்ரோ, மேரஸ், அக்வாலங், கிரெஸ்ஸி, அபெக்ஸ் என்று உலகத்தில் எத்தனையோ இருக்க, இவர்கள் விற்பதைத்தான் வாங்க வேண்டுமா? வெளிநாட்டு இணையதளத்தில் ஆர்டர் போட்டுவிடலாம் என்ற கோபத்தோடு ஊருக்கு பஸ் ஏறினார்.

வீட்டில் வேறு பிரச்னை. கிணற்று மோட்டார் காயில் எரிந்துபோயிருந்தது. டவுனில் இருந்து வந்த மெக்கானிக், அப்பாவும் ஒரு கை பிடிக்க, அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். “இதைவிட நல்ல கம்பெனி மோட்டார் எவ்வளவோ இருக்கேப்பா” என்றார் மகன்.

“இருக்கும். ஆனா இவருக்குக் கழட்டி மாட்டத் தெரிஞ்சது இதுதான். சாமானும் டவுன்லயே கிடைக்குது. வேற கம்பெனின்னா கோயம்புத்தூருக்கு அனுப்பணும். அதுவரைக்கும் நாத்தங்கால் தாங்குமா?”

மறுநாள் மாலைக்குள் கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. மகன் ஆர்டர் போடவில்லை.

அடுத்த முறை கடைக்குப் போனபோது அவர் பிராண்டைப் பற்றிப் பேசவில்லை. “அண்ணா, இதை சர்வீஸ் பண்றது யாரு?” என்று கேட்டார். கடைக்காரர் உட்காரவைத்து விளக்கினார். சிலிண்டருக்குள் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. ரெகுலேட்டர் அதை இரண்டு கட்டமாகக் குறைத்துத் தருகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களும் வால்வு இருக்கைகளும் தேயும்; உப்பு படியும். ஆண்டுக்கு ஒருமுறையோ, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ பிரித்து மாற்ற வேண்டும். உதிரிபாகங்களைப் பெரும்பாலும் தங்களிடம் பயிற்சி பெற்ற சர்வீஸ் ஆட்களுக்குத்தான் நிறுவனங்கள் கொடுக்கின்றன. பொருள் இறக்குமதி, விற்பனையோ குறைவு. எல்லா பிராண்டையும் வாங்கி அடுக்கினால், கடை முதல் முழுக்க அலமாரியிலேயே முடங்கிவிடும். அதனால்தான் இரண்டோடு நிற்கிறார்கள்.

இந்தக் கருவி பிறந்த கதையும் கையில் இருப்பதை வைத்துச் சமாளித்த கதைதான். இரண்டாம் உலகப்போரின்போது பிரான்சில் பெட்ரோல் தட்டுப்பாடு. எரிவாயுவில் கார் ஓட்ட எமில் காக்னன் என்ற பொறியாளர் ஒரு வால்வை உருவாக்கியிருந்தார். அதை மாற்றியமைத்து 1943-ல் அவரும் ழாக் கூஸ்தோவும் உருவாக்கியதுதான் அக்வாலங்.

ஆனால், ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அது முகக்கவசம். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை உள்ளே இழுத்தால் அது கீழே விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். கடையில் இருந்த நாலு மாடலும் நிற்கவில்லை. பாதிக் காரணம் அவருடைய மீசை; மீதி, கன்ன எலும்பு. “இதுவே போதும், கொஞ்சம் இறுக்கிக்கலாம்” என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாத இடம் இது. இறுக்கினால் ஒழுகுவது நிற்காது, முகம்தான் வலிக்கும். வேறு கடைகளில் போட்டுப் பார்த்து, மூன்றாவது கடையில்தான் தனக்குப் பொருந்தியதை வாங்கினார். காலில் மாட்டும் துடுப்பும் அப்படித்தான். போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஆக, உடம்புக்குப் பொருந்த வேண்டியதற்குப் பத்துக் கடை ஏறலாம். மூச்சு கொடுப்பதற்கோ, பக்கத்தில் யார் பழுது பார்ப்பார் என்று கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது. அந்தக் கேள்விக்கு ஒரு கடைக்காரர் மழுப்பினால், அவர் விற்பது தேங்கிப்போன சரக்காகவும் இருக்கலாம்.

கடையில் இருந்த இரண்டில் ஒரு ரெகுலேட்டரை வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போனார். அப்பா அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலையைக் கேட்கவில்லை; கம்பெனி பெயரையும் கேட்கவில்லை.

“இதுக்கு மெக்கானிக் யாரு?”

“பாண்டிச்சேரியிலயே இருக்காருப்பா.”

“அப்ப சரி” என்று திருப்பிக் கொடுத்தார்.