வினையடை யாருக்குச் சொந்தம்?

ஆங்கில இலக்கணம் என்றதும் நம்மில் பலருக்கு 'டென்ஸ்', 'பிரிப்பொசிஷன்' ஆகிய இரண்டுமே நினைவுக்கு வரும். முன்னது தவறினால் தோழர்கள் நகைப்பார்கள். பின்னது தவறினால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார். ஆனால் ஒரு சொல்லும் தவறாமல் இருந்தும், ஒரு சொல் நிற்கும் இடத்தால் மட்டுமே பொருள் தடம் மாறிப்போகும் வாக்கியங்களும் உண்டு. அவற்றை எவரும் வட்டமிடுவதில்லை. வினையடையும், 'தட்' என்று தொடங்கும் சார்பு வாக்கியமும் ஒன்றாக வரும் இடங்கள் அத்தகையவை. அவற்றைப் பற்றிச் சில காலமாக நான் எண்ணி வந்தவற்றை இங்கே எழுத விரும்புகிறேன்.

'ஹி செட் தட் ஷி கேம் யெஸ்டர்டே' என்னும் எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 'நேற்று' என்பது எதைச் சாரும்? அவள் வந்தது நேற்றா, அவன் சொன்னது நேற்றா? இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஏனெனில் 'தட்' என்னும் சொல் சார்பு வாக்கியம் தொடங்கும் இடத்தைக் காட்டுகிறதேயன்றி, அது முடியும் இடத்தைக் காட்டும் சொல் ஏதும் ஆங்கிலத்தில் இல்லை. ஆயினும் படிப்பவர் மனம் இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அருகிலுள்ள வினையோடு அடையைச் சேர்த்துவிட்டு மேலே சென்றுவிடுகிறது. ஜான் கிம்பல் என்னும் மொழியியலார் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் மனத்தின் இந்த இயல்பை ஒரு விதியாகவே வகுத்தார். 1978இல் லின் ஃபிரேசியர், ஜேனட் ஃபோடர் ஆகியோர் அதனை மேலும் ஆராய்ந்தனர். வாக்கியத்தைப் படித்துக்கொண்டே வரும் மனம், புதிதாக வரும் சொல்லை அப்போது கட்டிக்கொண்டிருக்கும் பகுதியோடு இணைக்கவே முனைகிறது என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

இது வெறும் வகுப்பறைச் சிக்கல்தானே என்று நினைக்கலாம். அன்று. எங்கள் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர் தம் ஏ.டி.எம். கார்டை ஒரு மாதம் ஏழாம் தேதி தொலைத்துவிட்டார். எட்டாம் தேதி அவர் கணக்கிலிருந்து பணம் போயிற்று. "கார்டு தொலைந்துவிட்டது என்று பத்தாம் தேதி பேங்கில் சொன்னேன்" என்று அவர் தமிழில் தெளிவாகத்தான் கூறினார். அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஒருவர், 'ஐ இன்ஃபார்ம்டு தி பேங்க் தட் தி கார்டு வாஸ் லாஸ்ட் ஆன் தி டென்த்' என்று எழுதினார். ஒவ்வொரு சொல்லும் சரியே. ஆனால் கடிதத்தைப் படித்த அலுவலர் கேட்ட கேள்வி இது: "கார்டு தொலைந்ததே பத்தாம் தேதிதானே? அப்படியானால் எட்டாம் தேதி பணம் எடுத்தது நீங்கள்தானே?" உண்மை பேசிய ஒரு பெண், ஒரு தேதி நின்ற இடத்தால் பொய் சொல்பவராகத் தோன்றினார்.

அந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதும் பணி என்னிடம் வந்தது. கூடுதலாக ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. 'ஐ இன்ஃபார்ம்டு தி பேங்க் ஆன் தி டென்த் தட் தி கார்டு வாஸ் லாஸ்ட்' என்று தேதியைத் 'தட்'டுக்கு முன்னே கொண்டுவந்ததும் பொருள் நேராயிற்று. தொலைந்த நாளைத் தனி வாக்கியமாகச் சேர்த்தேன்.

ஏன் முதலில் எழுதியவர் அப்படி எழுதினார்? வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையே வினையடையை வைக்கலாகாது, காலத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்றே நாம் பள்ளியில் பழகியிருக்கிறோம். 'ஷி ரெட் யெஸ்டர்டே தி புக்' என்பது பிழைதான். ஆனால் செயப்படுபொருள் ஒரு முழு வாக்கியமாக நீளும்போது அவ்விதி தளர்கிறது. கனமான பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, சிறிய அடையை வினையின் பக்கத்திலேயே நிறுத்த ஆங்கிலம் இசைகிறது. இந்த விலக்கை அறியாமல் விதியை மட்டும் போற்றினால், அடை அயல்வீட்டில் போய்ச் சேர்ந்துவிடும்.

'தட்'டையே விட்டுவிட்டால் வேறொரு குழப்பம் நேரும். 'ஹி செட் யெஸ்டர்டே ஷி கேம்' என்று எழுதினால், 'நேற்று' இருபக்கமும் ஆடுகிறது. நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களுள் தாப்பிசை என்பது இத்தகையதே: நடுவில் நிற்கும் சொல் ஊசலைப்போல் இருபுறமும் சென்று பொருள் தரும். செய்யுளில் அது அழகு. செய்தியில் அது இடையூறு. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு, 'செட்' என்னும் வினையை அடுத்துத் 'தட்'டைப் பெரும்பாலும் விட்டுவிடலாம் என்று இசைகிறது. ஆனால் இடையில் காலம் குறிக்கும் சொல் வந்தால் 'தட்' வேண்டும் என்கிறது. ஊசலைக் கட்டி நிறுத்தும் கயிறு அச்சிறு சொல்லே.

காலம் மட்டுமன்று, கருத்தும் இடத்தால் மாறும். 'ஃபார்ச்சுனேட்லி' என்பதை வாக்கியத்தின் தலைப்பில் வைத்தால், 'நல்லவேளையாக' என்று மகிழ்பவர் எழுதுபவர். அதனையே 'ஹி செட் தட்' என்பதற்குப் பின்னே வைத்தால், மகிழ்பவர் பெரும்பாலும் அந்த 'அவர்' ஆகிவிடுகிறார். பிறர் கூற்றை எடுத்தெழுதும்போது நம் உணர்ச்சியை அவர் வாயில் திணித்துவிடாமல் இருக்க இந்த வேறுபாடு உதவும்.

இனி நம் தமிழைப் பார்ப்போம். 'தட்' பண்டை ஆங்கிலத்தில் 'அது' என்னும் சுட்டுச்சொல். வரப்போவதை முன்னோக்கிச் சுட்டி, பின் இணைப்புச் சொல்லாயிற்று. நம் 'என்று' என்பதோ 'என்' என்னும் வினையடியாகப் பிறந்தது. சொல்லி முடித்ததைப் பின்னோக்கி மூடுகிறது. 'என', 'என்று' ஆகிய இரண்டையும் தொல்காப்பியர் இடையியலில் வைத்துப் பொருள் கூறியுள்ளார். ஆங்கிலத்துக்குத் திறப்பு உண்டு, மூடி இல்லை. தமிழுக்கு மூடி உண்டு, திறப்பு இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் மயக்கம் வாக்கியத்தின் இறுதியில் பிறக்கிறது. தமிழில் அது தொடக்கத்தில் பிறக்கிறது. 'நேற்று அவன் வந்தான் என்று அவள் சொன்னாள்' என்பதில் 'நேற்று' யாருக்குச் சொந்தம்? 'அவன் வந்தான் என்று நேற்று அவள் சொன்னாள்' என்றால் ஐயமே இல்லை. அந்த அம்மையாரின் தமிழ் வாக்கியம் தெளிவாக இருந்ததும், அதன் ஆங்கில வடிவம் குழம்பியதும் இதனால்தான். தேதி 'என்று' என்பதற்குப் பின்னே, வெளியே நின்றது. மொழிபெயர்த்தபோது 'தட்'டுக்குப் பின்னே, உள்ளே போய்விட்டது.

எனவே நண்பர்களே, ஆங்கிலத்தில் 'தட்' எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நின்று, இந்த அடை எந்த வினைக்கு உரியது என்று கேட்டுக்கொள்வோம். தலைமை வினைக்கு உரியதானால் 'தட்'டுக்கு முன்னே வைப்போம்; சார்பு வினைக்கு உரியதானால் பின்னே வைப்போம். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்குமா என்று நான் சொல்வதற்கில்லை. ஆனால் ஆங்கிலம் அறியாத ஒருவர் தம் உண்மையை நம் கையில் கொடுத்து எழுதச் சொல்லும் நாள் நம் ஒவ்வொருவருக்கும் வரும். அந்த உண்மை பழுதின்றிப் போய்ச் சேர வேண்டும்.