நஞ்சு என்றொரு பெயர்

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் பிரசவ அறை வாசலில் நிற்கும் பாட்டிகள் கேட்கிற அடுத்த கேள்வி, "நஞ்சு விழுந்துடுச்சா?" என்பதுதான். வயிற்றுக்குள் குழந்தைக்குச் சோறும் மூச்சும் கொடுத்த உறுப்புக்கு நாம் வைத்த பெயர் நஞ்சு!

அந்தக் காலத்தில் மண்ணில் புதைத்தார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்புகிறார்கள். காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னால் அது 'வேஸ்ட்'. ஸ்கிராப் அளவுக்குக்கூட விலை போகாதது.

ஆனால் ஏறக்குறைய அரை கிலோ எடையுள்ள இந்த உறுப்பு, வெளியே வந்த உடனே செத்துவிடுவதில்லை. தாயிடம் சம்மதம் வாங்கி, உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், ரத்தம் போகக் கழுவி, சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஊட்டத் திரவத்தில் போட்டு, 37 டிகிரியில் இன்குபேட்டரில் வைத்தால் சில நாட்கள் உயிரோடு இருக்கும். மேல் படலம் முதலில் உரிந்து, இரண்டு மூன்று நாளில் மறுபடி வளர்ந்துகொள்ளும். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை, ஆனாலும் தன் வேலையைப் பார்க்கிறது!

எதற்கு இவ்வளவு பாடு? அழற்சியைப் புரிந்துகொள்ளத்தான். கருப்பைக்குள் கிருமி புகுந்தால் நஞ்சுக்கொடியும் பனிக்குடச் சவ்வும் சைட்டோகைன் என்ற அபாயச் செய்திகளை வெளிவிடும். அது முற்றினால் நாள் வருவதற்கு முன்பே வலி எடுத்துவிடும். 2020-ல் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. காரணங்கள் பல, அதில் தொற்றும் முக்கியமான ஒன்று.

கர்ப்பிணிக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்க்க முடியாது. எலியின் கர்ப்பமோ மூன்று வாரம்தான், அதன் நஞ்சுக்கொடியின் அமைப்பும் வேறு. அதனால் சில துண்டுகளுக்கு மட்டும் ஈ.கோலை பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த எல்.பி.எஸ். என்ற பொருளைக் கொடுத்து, மறுநாள் திரவத்தில் எவ்வளவு சைட்டோகைன் என்று அளக்கிறார்கள். ஒன்றும் கொடுக்காத துண்டுகளும் சும்மா இருக்காது, கத்தி பட்ட காயத்துக்கே கொஞ்சம் சத்தம் போடும். ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. மருந்து கொடுத்தால் அது குறைகிறதா என்றும் பார்க்கலாம். தாயின் ரத்த ஓட்டம் இல்லாத தட்டு முழு உண்மையைச் சொல்லாதுதான். ஆனாலும் பேசுவது மனிதத் திசு.

இது புது யோசனையும் இல்லை. கர்ப்ப ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவதாகப் பலர் நம்பிய காலத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜார்ஜியானா சீகர், ஜார்ஜ் கை முதலானோர் நஞ்சுக்கொடித் திசுவை வளர்த்து, அதைச் சுரப்பது நஞ்சுக்கொடியே என்று காட்டினார்கள். அந்த ஆய்வு 1938-ல் வெளிவந்தது. அதே ஜார்ஜ் கையின் ஆய்வகத்தில்தான் 1951-ல், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்த் திசுவை அவரிடம் கேட்காமலேயே வளர்த்தார்கள். அந்தச் செல்கள் உலகம் முழுக்கப் போயின. அவர் குடும்பத்துக்குப் பல வருடம் ஒன்றுமே தெரியாது.

அதனால்தான் தாயின் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் இல்லை என்கிறேன். "குப்பைக்குப் போறதுதானே" என்று எடுத்துக்கொண்டால் அது குப்பைதான். கேட்டு வாங்கினால் அது கொடை. பெற்ற களைப்பில் கிடக்கிற ஒருத்தி, முகம் தெரியாத இன்னொருத்தியின் பிள்ளைக்குத் தருவது.

இதற்குப் போய் நஞ்சு என்று பெயரா?