உதும்பரம் என்னும் திருநாமம்

விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தை நாள்தோறும் பாராயணம் செய்யும் அன்பர்கள், அதன் பிற்பகுதியில் ந்யக்ரோதன், உதும்பரன், அச்வத்தன் என்ற மூன்று திருநாமங்களை அடுத்தடுத்து உச்சரித்திருப்பார்கள். ஆசார்யர்கள் இவற்றுக்கு ஆழ்ந்த பொருள்களை உரைத்திருப்பினும், வழக்கில் இவை ஆல், அத்தி, அரசு என்னும் மரங்களின் பெயர்களே. தாவர நூலார் இம்மூன்றையும் முசுக்கொட்டைக் குடும்பத்தில் சேர்க்கின்றனர். பட்டுப்புழுவுக்கு இலை தரும் முசுக்கொட்டையும் அக்குடும்பமே. காஞ்சியில் ஐம்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்து பட்டு நெய்த எனக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி அளித்தது. அத்தி மரத்தாலான எம்பெருமானின் திருமேனியும், அவர் உடுத்தும் பட்டும் ஒரே மரக்குலத்தின் உறவுகள் அல்லவா!

அரிதாக நிகழ்வதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். உண்மையில் அத்தி பூவாமல் இருப்பதில்லை. அடிமரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் காயின் உள்ளேயே நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் மறைந்திருக்கின்றன. நுனித் துவாரத்தின் வழியே நுழையும் மிகச் சிறிய குளவி ஒன்றே அவற்றுக்கு மகரந்தம் சேர்க்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படாததால் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

மற்றொரு சிறப்பும் உண்டு. அத்திக் கட்டை காற்றில் கிடந்தால் விரைவில் உளுத்துப்போகும். நீருக்கடியில் இருந்தாலோ நெடுங்காலம் நிலைக்கும். அதனால்தான் முற்காலத்தில் கிணற்றின் அடியில் வைக்கும் சட்டங்களுக்கு அதனைப் பயன்படுத்தினர். அத்தி நிற்கும் இடத்தில் நிலத்தடி நீர் உண்டு என்று வராஹமிஹிரரும் தம் பிருஹத் ஸம்ஹிதையில் குறித்துள்ளார். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தஸரஸ் திருக்குளத்தில், நீராழி மண்டபத்தின் அடியில் அத்திவரதர் பள்ளிகொண்டிருப்பதை எண்ணும்போது, பெரியோர்களின் அறிவு நம்மை வணங்கச் செய்கிறது.

1979ஆம் ஆண்டு அத்திவரதர் எழுந்தருளியபோது என் தந்தையார் என்னை உடனழைத்துச் சென்றார். சேவித்துத் திரும்புகையில், “அடுத்த முறை உன் பிள்ளைகளோடு நீ வரவேண்டும், நான் இருக்கமாட்டேன்” என்றார். அச்சொல்லில் வருத்தம் இல்லை. கணக்கு மட்டுமே இருந்தது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள், முதலில் சயனத் திருக்கோலத்திலும் பின்னர் நின்ற திருக்கோலத்திலும் பெருமாள் காட்சி தந்தார். என் மகனும் ஒன்பது வயதுப் பேத்தியும் இருபுறமும் தாங்கிக்கொள்ள நான் சேவித்தேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் என் பாட்டனார் காலத்து அத்தி ஒன்று இருந்தது. கிளியும் மைனாவும் வௌவாலும் அதன் கனியால் பசியாறின. சில ஆண்டுகளுக்கு முன் அதன் வேர் சுவரைப் பிளந்து, தறி இருந்த அறையே சரியும் நிலை வந்தது. மரத்தை வெட்டவேண்டும் என்றான் மகன். அவன் கூறியதில் நியாயம் இருந்தது. அந்த அறையில்தான் குழந்தைகள் உறங்குவார்கள். எனினும் என் மனம் இசையவில்லை. இரண்டு வாரங்கள் வீட்டில் பேச்சே குறைந்தது. இறுதியில் நான் ஒரு நிபந்தனை விதித்தேன்: “முதலில் இதன் கிளை வேறிடத்தில் வேர்பிடிக்கட்டும், பிறகு கோடரியை எடு.” மகன் மறுக்கவில்லை. பாலாற்றங்கரையில் உறவினர் நிலத்தில் நான்கு போத்துகளை நட்டு, அவனே நீர் ஊற்றினான். மூன்று பட்டுப்போயின, ஒன்று தளிர்த்தது. அதன் பின்னரே பழைய மரத்தை வணங்கி விடைகொடுத்தோம்.

2059இல் பெருமாள் மீண்டும் எழுந்தருளும்போது என் பேத்திக்கு நாற்பத்தொன்பது வயதாகும். நான் இருக்கமாட்டேன் என்று இப்போது என்னாலும் தந்தையாரைப் போலவே கலங்காமல் சொல்ல முடிகிறது. இயன்ற அன்பர்கள் வீட்டுச் சுவரினின்று விலகி, நீர்வளமுள்ள ஓரிடத்தில் ஓர் அத்தியை நட்டு வையுங்கள். அதன் நிழலில் நாம் அமரப்போவதில்லை. நம் பேரப்பிள்ளைகள் அமர்வார்கள். வரதன் அவர்களைக் காப்பானாக!