உம்மாவின் படபடப்பு

மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், என் உம்மா தனியாக லஸ் முனை வரை நடந்து போய் வந்ததை நான் கண்டதில்லை. யாராவது கூடப் போகவேண்டும். போனாலும் பாதி வழியில் ஏதேனும் ஒரு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். முகம் வெளுக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு இரைக்கும். "மவுத்து வந்துடுச்சு வாப்பா, கலிமா சொல்லு" என்று என் கையைப் பற்றுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாதது போல் வீட்டுக்குத் திரும்புவார்.

வீட்டில் அதற்குப் 'படபடப்பு' என்று பெயர். லெப்பை வந்து ஓதி ஊதினார். தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அது உம்மாவுக்கு ஆறுதல் தந்தது உண்மை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒரு மருத்துவமனையில் இதயத்தைச் சோதித்து, பழுது ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பழுது இல்லையென்றால் பின் என்னதான் என்று அங்கே எவரும் சொல்லவில்லை. உறவில் ஒருவர் ஜின்னின் தீண்டல் என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்திக் 'கீழ்ப்பாக்கம்' என்றார். சென்னையில் அந்த ஊர்ப்பெயரை அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். ராத்தாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வாப்பா அன்று போட்ட கட்டளை, உம்மா மவுத்தாகும்வரை எங்கள் வீட்டில் மீறப்படவே இல்லை: இதைப்பற்றி வெளியே ஒரு சொல்லும் போகக்கூடாது.

வெளியே போகவில்லை. உள்ளேதான் வந்தது. இருபத்தேழு வயதில், சைதாப்பேட்டைப் பாலத்தில் நெரிசலான பேருந்து ஒன்றில், அதே மவுத்து எனக்கும் வந்தது. வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவிக்குத் தெரியும், அவளும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்குத் துணி எடுக்க, பதினாறு வயது மகளை அழைத்துக்கொண்டு தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போயிருந்தேன். நோன்பு திறந்து மஃரிபும் முடிந்த நேரம். தெரு எள் போட்டால் எள் விழாத கூட்டம். திடீரென்று அவள் என் கையைப் பற்றினாள். உள்ளங்கை நனைந்திருந்தது. "மூச்சு முட்டுது வாப்பா. நான் மவுத்தாகிடுவேனா?" என்றாள். என் உம்மாவை அவள் கண்டதே இல்லை. ஆனால் சொல் அதே சொல்.

வீடு திரும்பியதும், "உங்களுக்கு எப்பவாவது இப்படி வந்திருக்கா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். ரமளான் மாதத்தில், பெற்ற பிள்ளையிடம் சொன்ன பொய்.

அடையாற்றில் ஒரு மனநல மருத்துவர், இதயத்தையும் தைராய்டையும் சோதித்த அறிக்கைகளைப் பார்த்துவிட்டு அவள் நோய்க்குப் பெயர் சொன்னார். பீதி நோய். நியூயார்க்கில் டொனால்டு கிளைன் என்ற மருத்துவர், இமிப்ரமின் என்னும் மருந்து இத்தகைய திடீர்த் தாக்குதல்களைத் தடுப்பதை 1960களின் தொடக்கத்தில் கண்டு எழுதினார். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற்றது. மூளையில் மூச்சுத்திணறலை உணர்த்தும் எச்சரிக்கை மணி ஒன்று இருக்கிறது, காரணமின்றி அது அடித்துவிடுவதே இந்தப் பீதி என்று அதே கிளைன் 1993இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எல்லோரும் ஏற்ற முடிபு அன்று அது. ஆயினும் ரங்கநாதன் தெருவை நினைத்தால் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். வாப்பா போட்ட கட்டளை தொண்டையில் நின்றது. "என் தாயாருக்கு இருந்தது" என்றேன். பிறகு, சற்று நேரம் கழித்து, "எனக்கும்" என்றேன்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இதில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை மரபுவழிக்குக் கணக்கு வைக்கின்றன. ஒரே ஒரு மரபணுவின் வேலையன்று. சிறுசிறு பங்குகள் பல சேர்ந்தது. எனினும் இத்தகைய பெற்றோரின் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு இது வருவதில்லை. இரத்தத்தில் இறங்குவது நோய் அன்று, நோய்க்கு இடங்கொடுக்கும் இளக்கம்.

மீதிப் பங்கு எங்கிருந்து வருகிறது என்று அவரைக் கேட்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. மகள் சிறுமியாக இருந்தபோதிலிருந்து பேருந்தில் அவளைப் படியருகே உள்ள இருக்கையில்தான் உட்கார வைப்பேன். மின்தூக்கியில் ஏறமாட்டோம், ஐந்து மாடியானாலும் படிதான், உடலுக்கு நல்லது என்று காரணம் சொல்வேன். ஜும்ஆவில் கடைசி வரிசை, வாசலோரம். அவள் நெஞ்சில் கைவைத்தால் உடனே நாடி பிடித்துப் பார்ப்பேன். எதற்கு அஞ்சவேண்டும் என்று நான் வாயால் சொன்னதே இல்லை. கையால் பிடித்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இதை மாற்றமுடியும் என்பதற்குச் சான்று உண்டு. கோல்டா கின்ஸ்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும், பதற்ற நோயுள்ள பெற்றோரைக் கொண்ட 136 குடும்பங்களை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெறாத குடும்பங்களில் ஓராண்டுக்குள் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு பதற்ற நோய் வந்திருந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பயிற்சி பெற்ற வீடுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அஞ்சியதை விலக்காமல் சிறிது சிறிதாக எதிர்கொள்வதும், பெற்றோர் தம் பதற்றத்தைப் பிள்ளைமேல் ஏற்றாதிருப்பதும் அப்பயிற்சியில் அடங்கும்.

நம்மவர்க்கு இது புதிதன்று என்பதுதான் எனக்கு வியப்பு. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலம் ஒரு பாதி, உள்ள நலம் ஒரு பாதி என்று ஒரு நூல் செய்தார். கோபம், துயரம், அச்சம், வீண் எண்ணங்கள் என்று உள்ள நோய்களை வகைப்படுத்தினார். அவசரத்துக்கு மருந்தை வீட்டில் சேர்த்து வைப்பதுபோல, மனம் அமைதியாக உள்ள வேளையில் நல்ல எண்ணங்களைச் சேர்த்துவைத்துப் பதற்றம் வரும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படி எழுதிய சமுதாயத்தில்தான், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்கள் நோய் வேறு, உம்மாவின் நோய் வேறு. ஆனால் 'வெளியே தெரியக்கூடாது' என்ற சொல் இரண்டுக்கும் பொது.

வரன் பேசுவோர் நாளை கேட்டால் என்ன சொல்வது என்று என் மனைவி கவலைப்படுகிறாள். நியாயமான கவலைதான். ராத்தாவிடமும் இதுவரை பேசவில்லை. அவர் பிள்ளைகளில் ஒருவன் தேர்வுக் கூடத்திலிருந்து எழுந்து வந்துவிட்டதாகக் கேள்வி. இந்த வாரம் போகவேண்டும்.

அடையாற்றிலிருந்து திரும்பிய அன்று மகள் என்னோடு நெடுநேரம் பேசவில்லை. பொய் சொன்னேன் என்ற கோபம். திரு.வி.க. பாலத்தைப் பேருந்து கடக்கும்போதுதான், "உங்க உம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும்" என்றேன்.

"உங்களுக்கு?"

"எனக்கும்."

அவள் எழுந்து, படியருகே இருந்த இருக்கையை என்னிடம் விட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மயிலாப்பூர் வரும்வரை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடி பிடிக்கப் போகவில்லை.