முந்திரிகைத் தோட்டங்களினூடே ஒரு கிறவல் வழி

தென் பிரான்சிலே துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் 'தோ' என்னும் களப்பு வரை 240 கிலோமீற்றர் நீளமான ஒரு வாய்க்கால் உண்டு. மிடி வாய்க்கால் என்பது அதன் பெயர். நம் மொழியிலே மிடி என்றால் வறுமை. பிரெஞ்சுக்காரர் அச்சொல்லால் தெற்கைக் குறிப்பர். ஒரு காலத்திலே குதிரைகள் கயிறு பூட்டிப் படகுகளை இழுத்துச் சென்ற நடைவழி அவ்வாய்க்காலின் கரையிலே இன்றும் இருக்கின்றது. குதிரைகள் போயின, சரக்குப் படகுகளும் ஓய்ந்து பல பத்தாண்டுகளாயின, எஞ்சிய வழியிலே மோட்டார் வாகனங்கள் புகுதல் ஆகாது என்று விதித்து, நடந்து செல்வோருக்கும் துவிச்சக்கர வண்டிக்காரருக்கும் அதனை விட்டிருக்கின்றனர். துலூஸ் பக்கத்திலே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தூரம் தார் பூசப்பட்டுள்ளது. அதற்கப்பால் பெரும்பாலும் கிறவலும் மண்ணும் மரவேரும்தான். கார்க்கசோன் என்னும் கோட்டை நகரிலிருந்து பெஸியே வரை முந்திரிகைத் தோட்டங்களினூடே செல்லும் நூறு கிலோமீற்றரை, 2025 செப்டெம்பர் இறுதியிலே நாம் நான்கு நாட்களிற் கடந்தோம்.

நாளொன்றுக்கு இருபத்தைந்து கிலோமீற்றர்தானா என்று இளைஞர் நகைக்கலாம். நாம் என்பது ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கணவனும் மனைவியும். இருவருக்கும் அறுபத்தைந்து கடந்துவிட்டது. 1990களிலே, எரிபொருள் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கலியாண வீட்டுக்கும் சைக்கிளிலேயே போய் வந்தோம். பின்னே கரியரில் மகள், முன்னே மண்ணெண்ணெய்க் கான். போர் முடிந்து வீதிகளெல்லாம் காபெற் ஆனபின், பேருந்துகளின் வேகத்துக்கு அஞ்சி, இல்லாள் தமது சைக்கிளை விறாந்தையிலே சாத்தியவர் சாத்தியவர்தான். இன்று துலூஸ் நகரிலே வாழும் அந்த மகள் எம்மை அழைத்ததற்குக் காரணம் ஒன்று இருந்தது. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்து தங்கிவிட வேண்டும் என்பது அவளுடைய வேண்டுகோள். யோசித்துச் சொல்கிறோம் என்று மூன்று கிழமையைப் போக்கிவிட்டோம். சிறிய வீடு, மெல்லிய சுவர். நாம் இருவரும் அங்கிருந்து எதையும் மனம்விட்டுப் பேச முடியவில்லை. "நாலு நாள் சைக்கிளில போட்டு வாங்கோ அம்மா, ஒரு வாகனமும் வராது" என்று அவளே வாடகைக்கு இரண்டு வண்டிகளை எடுத்துத் தந்தாள்.

பருத்த ரயர் பூட்டிய வண்டிகள் அவை. கிறவலிலே அவை உருளும்போது அரிசி புடைப்பது போன்ற மெல்லிய ஓசை எழுகின்றது. முதல் அரை மணி நேரம் இல்லாள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னே பார்த்தவண்ணமே வந்தார். பின்பு பார்ப்பதை விட்டார். அவ்வளவிலேயே வாடகைப் பணம் எமக்குச் செரித்துவிட்டது. வழி முழுவதும் சீரானது என்று எண்ணிவிடலாகாது. சிற்சில இடங்களிலே அது ஒற்றையடிப் பாதையாக ஒடுங்கும்; வேர்கள் புடைத்து நின்று முதுகெலும்பைக் குலுக்கும்; விரைந்து வரும் இளைஞர் மணியடித்தால் ஒதுங்க வேண்டும். அகன்ற இடங்களிலே அருகருகாகச் சென்றோம்.

கார்க்கசோனைக் கடந்ததும் நிழல் அற்றுப்போயிற்று. இவ்வாய்க்காலின் இரு மருங்கிலும் ஏறக்குறைய 42,000 பிளேன் மரங்கள் நின்றன. பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நடப்பட்டவை. 2006ஆம் ஆண்டு இப்பகுதியிலே ஒருவகைப் பங்கசு நோய் காணப்பட்டது. அதற்கு மருந்தில்லை; நோய் கண்ட மரத்தையும் அயல் மரங்களையும் வெட்டி எரிப்பதே வழி. இரண்டாம் உலகப் போரின் இறுதியிலே அமெரிக்கப் படையினரின் வெடிமருந்துப் பெட்டிகளின் பலகையோடு அந்நோய் ஐரோப்பாவிலே இறங்கிற்று என்பர். துவக்கு ஓய்ந்து அறுபது ஆண்டின் பின் மரம் விழுகின்றது. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டதைக் கண்ட எமக்கு அதனை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெட்டிய இடங்களிலே மீண்டும் நட்டிருக்கின்றனர். இம்முறை ஒரே சாதியை நடாமல், ஒருவகை ஓக் மரத்தோடு வேறு பலவற்றையும் கலந்து நட்டுள்ளனர். ஆளுயரக் கன்றுகளுக்கு நிழல் ஏது! துவாயைத் தலையிலே போட்டுக்கொண்டு மிதித்தோம்.

இரண்டாம் நாள் மினெர்வுவாத் தோட்டங்களுக்குள் புகுந்தோம். கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் தலைக்கு மேலே பந்தலிற் படரும் முந்திரிகையைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது வேறு பயிராகவே தோன்றிற்று. பழைய தோட்டங்களிலே பந்தலுமில்லை, கம்பியுமில்லை. முழங்காலளவு உயரமான முறுகிய அடிமரம். அதன் உச்சியிலே கிண்ணம் விரிந்தாற்போலச் சில கிளைகள். மழை குறைந்து காற்று மிகுந்த நிலத்திலே நிலத்தோடு ஒட்டி வளர்வதே கொடிக்கு நன்று. "இஞ்சேருங்கோ, இது கொடியில்லை, கத்தரிச் செடி மாதிரியெல்லோ நிக்குது" என்றார் இல்லாள். அறுவடை பெரும்பாலும் முடிந்திருந்தது. கரிஞான் என்னும் சாதியின் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. நாம் மதுவைத் தொடாதவர்கள். ஆயினும் பயிரைப் பார்ப்பதற்கு அது தடையன்று.

தோட்டங்களின் இடையிடையே வெறுநிலம் கிடந்தது. வேரோடு பிடுங்கிய அடிமரங்கள் குவியலாகக் கிடந்தன. ஓரிடத்திலே வாய்க்காற் கரையில் இளைப்பாறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மை நோக்கி ஏதோ கூறினார். எமக்குத் தெரிந்த பிரெஞ்சு வணக்கத்தோடு முடிந்துவிடும். ஆகவே மகளைத் தொலைபேசியில் அழைத்து அவர் கையிலே கொடுத்தோம். அவர் பேச, அவள் எமக்குத் தமிழிலே சொன்னாள். வைன் அருந்துவோர் குறைந்துவிட்டனராம். கொடியைப் பிடுங்குவோருக்கு ஹெக்டேயருக்கு 4,000 யூரோ கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் 2024இலே தொடங்கிற்றாம். தாமும் பாதியைப் பிடுங்கிவிட்டாராம். பாட்டனார் நட்டவை. மகன் பாரிஸ் நகரிலே இருக்கின்றான், திரும்பி வரமாட்டான், தமக்குப் பின் மீதியும் அப்படித்தான். கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் மகளின் குரல் நின்றுவிட்டது. சிறிது நேரத்தின் பின், "சரி அப்பா, வெயிலுக்க நிக்காமல் போங்கோ" என்று கூறி வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஆர்ஜெலியே என்னும் ஊரின் பக்கமாகச் சென்றோம். 1907ஆம் ஆண்டு மார்ச் மாதம், வைன் விலை வீழ்ந்து பட்டினி வந்தபோது, இவ்வூரிலிருந்தே மார்சலென் அல்பேர் என்பவரின் தலைமையிலே 87 பேர் நார்பொன் நகருக்கு நடந்தார்கள். சில மாதங்களிலே அது பல இலட்சம் பேர் திரண்ட கிளர்ச்சியாயிற்று. நார்பொன்னிலே படையினர் சுட்டதில் அறுவர் மாண்டனர். இவ்வளவு அமைதியான கரைக்கு அப்படியொரு கதை.

அப்பகுதியிலே 54 கிலோமீற்றர் தூரத்துக்கு வாய்க்காலில் ஓர் அணைக்கதவு தானும் இல்லை. நிலம் ஏறினாலும் இறங்கினாலும் வாய்க்கால் ஒரே மட்டத்திலே வளைந்து வளைந்து போகின்றது. ஆகவே வண்டிக்காரருக்கு ஏற்றமும் இல்லை. முழங்கால் நோவுள்ள நாம் பியேர் போல் ரிக்கேயை வாழ்த்தினோம். உப்புவரிக் குத்தகைக்காரரான அவர் 1666இலே பதினாலாம் லூயி மன்னனின் ஆணை பெற்று, மலையூற்றுகளை வாய்க்காலின் மேட்டுக்குக் கொண்டுவந்து, அணைகட்டித் தேக்கி, ஆண்களும் பெண்களுமாக ஏறத்தாழ 12,000 பேரைக்கொண்டு இதனை வெட்டினார். தம் கைப்பணத்தையும் அதிலே இறைத்தார். 1680இலே இறந்தார், திறப்புவிழா 1681இல்.

நாலாம் நாள் மல்பா என்னுமிடத்திலே வாய்க்கால் குன்றைக் குடைந்து செல்கின்றது. அக்குன்றின்மேல் ஏறினால் மொந்தாடிச் சதுப்பு நிலம் தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நீரை வடியவிட்டு வயலாக்கியது அது. நடுவிலிருந்து நாற்புறமும் கான்கள் சைக்கிள் சில்லுக் கம்பிகளைப்போலவே ஓடுகின்றன. அங்கே அமர்ந்துதான், நான்கு நாட்களாகத் துண்டுதுண்டாகப் பேசி வந்ததை முடித்தோம். ஊர் வீட்டைப் பூட்டுவதில்லை. விசா அனுமதிக்கும் மூன்று மாதம் ஆண்டுதோறும் வந்து இருப்பது. மற்றைய மாதங்கள் கிணற்றடியோடும் மாமரத்தோடும்.

அன்று மாலை பொன்செரான் அணைக்கதவுகளருகே, படிப்படியாகத் தொட்டிகளிலே படகுகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு மகளுக்குச் சொன்னோம். அவள் அழவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. பெஸியேயிலிருந்து கடல் வரை இன்னும் வழி மிச்சமிருக்கிறது, அதை அடுத்த வருடம் தானும் வந்து ஓட வேண்டும் என்றாள். இல்லாள் ஊர் வந்து சேர்ந்த மறுவாரமே சாத்திவைத்த சைக்கிளுக்கு இரண்டு ரயரும் ரியூப்பும் மாற்றினார். காலை ஆறு மணிக்கு, பேருந்துகள் எழும்புமுன், ஒழுங்கை வழியாகச் சந்தைக்குப் போய் வருகின்றார்.