கேப்டன் காதில் விழும்படி சொல்

அன்பு மகளுக்கு,

அடுத்த வாரம் முதல் கோ-பைலட்டாக உட்காரப்போகிறாய். போனில் வாழ்த்திவிட்டேன். ஆனால் மழைக்காலத்தில் வேலையைத் தொடங்குகிறாய் என்பதால், ஒரு விஷயத்தை நிதானமாக எழுத நினைத்தேன்.

1982 ஜனவரி 13. வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் விடாத பனி. ஏர் ஃபுளோரிடாவின் போயிங் 737 ஒன்று, பனி அகற்றப்பட்ட பிறகும் 49 நிமிடம் காத்திருந்துதான் கிளம்பியது. அதற்குள் இறக்கைகளில் மறுபடி பனி படிந்திருந்தது. செக்லிஸ்டில், இன்ஜின் உறையாமல் காக்கும் ‘ஆண்டி-ஐஸ்’ என்று படித்தபோது ‘ஆஃப்’ என்றே பதில் வந்தது. இன்ஜின் முகப்பிலுள்ள அழுத்த உணரி உறைந்ததால், விசையைக் காட்டும் ஈ.பி.ஆர். மானி 2.04 என்றது. உண்மையில் இருந்தது 1.70 அளவுதான். மற்ற மானிகள் அதற்கு ஒத்துப்போகவில்லை.

விமானத்தை ஓட்டியவர் கோ-பைலட். ரன்வேயில் ஓடும்போதே ‘இது சரியாக இல்லை’ என்ற பொருளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொன்னார். கேப்டன் சரிதான் என்றார். அதற்கு மேல் கோ-பைலட் வற்புறுத்தவில்லை. எழும்பிய அரை நிமிடத்தில் விமானம் 14-ஆம் தெருப் பாலத்தில் மோதி, போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 உயிர்கள் போயின.

அந்தக் கோ-பைலட்டின் கண்ணில் பட்டது உண்மை. அதை விமானத்தை நிறுத்தவைக்கும் சொல்லாக மாற்ற அவருக்கு இருந்தது மிகக் குறைந்த நேரம்தான். டேக்ஆஃபின் கஷ்டமே இதுதான் அம்மா. வைப்பர் சத்தம், பக்கக் காற்று, நனைந்த ரன்வே, ஏறாமல் தயங்கும் வேகம் எல்லாம் ஒரே சமயத்தில் கவனத்தைக் கேட்கும். நிறுத்த முடிவெடுப்பதற்கான எல்லையான வி-ஒன் வேகத்தைத் தாண்டிவிட்டால் நிறுத்த இடமிருக்காது. அந்த ஓட்டத்தில் புதிதாக யோசிக்க முடியாது.

அதனால் யோசனையை நிற்கும்போதே முடித்துவிடு. காற்று திடீரென்று திசை மாறினால் என்ன செய்வோம், எந்த எண் சரியில்லை என்றால் நிறுத்துவோம் என்று கேப்டனோடு முன்கூட்டியே வாய்விட்டுப் பேசு. மழைமேகம் ரன்வே முனையில் நின்றால், ‘பத்து நிமிடம் பொறுப்போம் சார்’ என்று கேள். விசையை ஒரே மானியை நம்பி முடிவு செய்யாதே.

பல நிறுவனங்களில் நிறுத்தும் முடிவு கேப்டனுடையது. ஆனால் அந்த முடிவுக்கு உன் கண் தேவை. ‘ஏதோ சரியில்லை போல’ என்று முணுமுணுக்காதே. எந்த மானி, எவ்வளவு குறைவு என்று எண்ணோடு, உரக்கச் சொல். அவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் சொல். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேப்டனாக இருந்த நான், அப்படிச் சொன்னவர்களோடு பறக்கத்தான் விரும்பினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. முதல் வாரம் முடிந்ததும் கூப்பிடு, எல்லாவற்றையும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா