உபுண்டுவும் நம் வீட்டுக் கேள்விகளும்



சித்தியவான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு, பாடநூலுக்கு அடுத்தபடியாக மிகுதியான கேள்விகளைக் கொண்டு வந்து சேர்ப்பது உபுண்டு என்னும் இயங்குதளம்தான். நான் கணினித் துறையில் பட்டம் பெற்றவனல்லன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ் கற்பித்தல் பயின்றவன். ஆயினும், அங்கே கற்ற ஒன்று இதற்குப் பெரிதும் உதவுகிறது. அதுதான் வினாக்களைப் பிரித்தறியும் பழக்கம். நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பிரித்தார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. கணினியைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளை இந்த ஆறனுள் அடக்கிவிடலாம் என்பது என் அனுபவம்.

உபுண்டு என்பது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த திறமூல இயங்குதளம். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை. முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வெளிவந்தது. அதனால்தான் அதற்கு 4.10 என்று எண்ணிட்டார்கள். ஆண்டும் மாதமுமே பதிப்பின் பெயர். 24.04 என்றால் 2024 ஏப்ரல். 2011 வரை, கேட்டவர்களுக்கு அதன் குறுந்தட்டை அஞ்சலில் இலவசமாகவே அனுப்பி வைத்தார்கள். ‘உபுண்டு’ என்னும் ஆப்பிரிக்கச் சொல், மனிதர் மனிதர்பால் காட்டும் மனிதநேயத்தைக் குறிப்பது.

நம் வட்டாரத்தில் இதற்குத் தேவை ஏற்பட்ட காலம் வேறு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. செம்பனைத் தோட்டத்திலும் தாமான்களிலும் வாழும் நம் மாணவர்களுள் பலருடைய வீட்டில் ஒரே ஒரு கைப்பேசிதான் இருந்தது. அதுவும் அப்பா வேலைக்குச் செல்லும்போது உடன் சென்றுவிடும். மூன்று பிள்ளைகள் அவர் வரும்வரை காத்திருப்பார்கள். அப்போது நானும் நண்பர்கள் இருவரும், வீடுகளில் தூசி படிந்து கிடந்த பழைய கணினிகளைக் கேட்டு வாங்கினோம். விண்டோசைத் தாங்க இயலாமல் தவித்த அவற்றில் உபுண்டுவை அல்லது அதன் எளிய வடிவங்களான சுபுண்டு, லுபுண்டு ஆகியவற்றை நிறுவி மாணவர்களிடம் கொடுத்தோம். கணினி போய்ச் சேர்ந்த மறுநாளே கேள்விகள் வரத் தொடங்கின. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றதும் இரண்டாம் அலை வந்தது. நல்ல நிலையில் உள்ள கணினி, விண்டோஸ் 11-ஐ ஏற்க மறுக்கிறதே என்று பெற்றோர் பலர் கேட்டனர்.

அறியா வினா: “விசைப்பலகை கெட்டுவிட்டதா?”

எனக்கு வந்த கேள்விகளுள் அடிக்கடி வருவது இது. “சார், முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டுகிறேன். ஒன்றுமே தெரியவில்லை. விசைப்பலகை கெட்டுப் போய்விட்டதா?”

கெடவில்லை. லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் முனையம் என்னும் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லைத் தட்டும்போது எழுத்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. கடவுச்சொல் எத்தனை எழுத்து நீளம் என்பதுகூட அருகில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்பதே காரணம். தட்டிவிட்டு ‘எண்டர்’ விசையை அழுத்தினால் போதும். பதில் ஒரு வரிதான். ஆனால், அந்த ஒரு வரி கிடைக்காமையால் ஒரு தாயார் நான்கு நாள் கணினியை மூடி வைத்திருந்தார். கேட்டால் சிரிப்பார்களோ என்னும் அச்சம்! அந்த நான்கு நாளும் அவருடைய மகளுக்குப் பாடமில்லை.

ஐய வினா: “மணி பத்தா, இரண்டா?”

ஒரே கணினியில் விண்டோசும் உபுண்டுவும் வைத்திருப்பவர்கள் கேட்பது: “காலை பத்து மணிக்கு விண்டோசைத் திறந்தால் இரண்டு மணி என்று காட்டுகிறதே, கணினியில் பேட்டரி தீர்ந்துவிட்டதா?”

வேறுபாடு சரியாக எட்டு மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். விடை அந்த எட்டிலேயே இருக்கிறது. கணினியின் உள்ளே ஒரு சிறு கடிகாரம் உண்டு. உபுண்டு அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைத்து, திரையில் காட்டும்போது நம் நாட்டுக்குரிய எட்டு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். விண்டோசோ, உள்ளே இருப்பதே உள்ளூர் நேரம் என்று நம்பி அப்படியே காட்டிவிடும். இரண்டும் ஒரே கடிகாரத்தை இருவேறு முறையில் வாசிக்கின்றன. உள்ளூர் நேரத்தையே அதில் வைக்கும்படி உபுண்டுவுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் சிக்கல் தீரும்.

இந்தக் கேள்வியை நான் அப்படியே வகுப்பறைக்குக் கொண்டு சென்றேன். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 சனவரி முதல் நாள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன் நாம் உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரமே முன்னிருந்தோம். “தாத்தாவிடம் கேட்டு வாருங்கள்” என்று அனுப்பினேன். மறுநாள் வகுப்பு கலகலத்துப் போனது.

கொளல் வினா: “தமிழ் எழுத்து இதில் கிடைக்குமா?”

கடைக்காரரிடம் ‘அரிசி இருக்கிறதா?’ என்று கேட்பது போன்ற கேள்வி இது. கிடைக்கும். உபுண்டுவில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையுடன் எம்17என் என்னும் தொகுப்பைச் சேர்த்துவிட்டால், தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு முறை ஆகியவற்றுள் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

நம் நாட்டு ஆசிரியர் பலர் அஞ்சல் முறைக்குப் பழகியவர்கள். மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு மென்பொருள் பின்னாளில் முரசு அஞ்சலாக வளர்ந்து நம் பள்ளிகளுக்குத் தமிழ்க் கணிமையை அறிமுகப்படுத்தியது. அந்தப் பழக்கமுள்ளோர்க்கு ஒலிபெயர்ப்பு முறை எளிது. பிள்ளைகளுக்கோ தமிழ்99 முறையையே நான் பரிந்துரைப்பேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகள். ‘க’வை அடுத்து ‘இ’ தட்டினால் ‘கி’. ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். முதலாம் ஆண்டில் கரும்பலகையில் நாம் கற்பிக்கும் உயிர்மெய்க் கணக்குத்தான் இது. ஆங்கில எழுத்தைக் கடந்து தமிழுக்கு வர வேண்டிய சுற்றுவழி பிள்ளைக்கு எதற்கு?

கொடை வினா: ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பென்டிரைவ்

“தம்பி, பழைய கோப்புகள் வைத்திருக்கிறேன். பள்ளிக்கு வேண்டுமா?” என்று ஒரு மூத்த தலைமையாசிரியர் கேட்டார். கொடுக்க விரும்பிக் கேட்டதால் அது கொடை வினா. யு.பி.எஸ்.ஆர் பயிற்சித்தாள்கள் பல இருந்தன. அத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டாலும் அவற்றிலுள்ள இலக்கணப் பயிற்சிகள் இன்றும் பயன்படும். அவற்றைவிட அரிய ஒன்றும் இருந்தது. தாம் பயின்ற தோட்டப்பள்ளியைப் பற்றி முதியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்புகள் அறுபது பக்கத்திற்கு மேல் இருந்தன. பால்மரம் வெட்டிய காலம், லயத்து வீடுகள், பள்ளி மூடப்பட்ட நாள் என எல்லாம் அதில் உண்டு என்றார். சொன்னவர்களுள் பெரும்பாலோர் இன்று உயிருடன் இல்லை.

உபுண்டுவில் திறந்தால், திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரிந்தன. “உன் இயங்குதளம் என் கோப்பைக் கெடுத்துவிட்டதே, தம்பி” என்று வருந்தினார்.

கெடுத்தது இயங்குதளம் அன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி வைத்தனர். அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழ் தெரியும். இல்லையேல் அடியில் உள்ள ஆங்கிலக் குறிகள் தெரியும். ஒருங்குறியிலோ தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. ‘அ’ எந்தக் கணினியிலும் ‘அ’தான்.

அவர் பயன்படுத்திய எழுத்துருவை ஒரு நண்பரின் பழைய குறுந்தட்டில் தேடிப் பிடித்தோம். அதை உபுண்டுவில் நிறுவியவுடன் பக்கங்கள் உயிர்பெற்றன. அவர் திரையைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஆனால் அத்துடன் நிறுத்திவிட்டால், அடுத்த கணினியில் மீண்டும் இருள்தான். ஆகவே, சுரதாவின் பொங்கு தமிழ் போன்ற மாற்றிகளின் துணையால் ஒருங்குறிக்கு மாற்றினோம். உலாவியிலேயே இயங்குவதால் எந்த இயங்குதளத்திலும் அது பயன்படும். மாற்றத்தில் சில எழுத்துகள் பிறழ்ந்தன. ஆறாம் ஆண்டு மாணவர் நால்வர் வரிவரியாக வாசிக்க, அவர் திருத்தினார். பல வாரம் நடந்த அந்தத் திருத்தத்தில் மாணவர்கள், தங்கள் பாட்டன்மார் வாழ்ந்த தோட்டத்தை முதன்முறையாக அறிந்துகொண்டனர். இரண்டு கோப்புகளுக்குரிய எழுத்துரு இன்றுவரை கிடைக்கவில்லை. அவை அப்படியே காத்திருக்கின்றன.

ஆசிரியர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் இத்தகைய கோப்புகள் இருக்கும். எழுத்துருவின் பெயர் நினைவிலிருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள்.

ஏவல் வினா: “சரி செய்துவிட்டீர்களா, சார்?”

‘செய்து கொடுங்கள்’ என்பதைக் கேள்வி வடிவில் சொல்வது இது. சிலவற்றுக்கு இங்கேயே விடை தந்துவிடுகிறேன்.

கம்பியில்லா இணையம் கிடைக்கவில்லையெனில், பெரும்பாலும் அந்தக் கருவிக்குரிய இயக்கி இல்லை என்பதே பொருள். கைப்பேசியை யுஎஸ்பி கம்பிவழி இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்து, ‘கூடுதல் இயக்கிகள்’ என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள்.

விண்டோசுக்குரிய நிறுவல் கோப்பு இதில் திறக்காது. உபுண்டுவுடன் வரும் மென்பொருள் மையத்திலிருந்தே வேண்டியதை எடுங்கள். இணையத்தில் கண்டதைப் பதிவிறக்குவதைவிடப் பாதுகாப்பானது.

கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். தமிழில் பெயரிட்டால் இந்தத் தொல்லையே இல்லை!

வினாத்தாளை லிபர் ஆபிசில் திறக்கும்போது வரிகள் இடம்பெயர்கின்றன என்றால், அதே எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை. அச்சுக்கு அனுப்புவதைப் பிடிஎப் வடிவில் அனுப்புங்கள்.

எப்படிக் கேட்பது?

எஞ்சியிருப்பது அறிவினா. விடை தெரிந்த ஆசிரியர் மாணவரிடம் கேட்பது. ‘வேலை செய்யவில்லை’ என்று யாரேனும் வந்தால், நான் திருப்பிக் கேட்பது நான்கு. என்ன செய்தீர்கள்? என்ன நடக்குமென்று எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? திரையில் என்ன எழுதியிருந்தது? இந்த நான்கிற்கும் விடை எழுதி வரச் சொன்னால், பாதிப்பேர் எழுதும்போதே தீர்வைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வயிற்றுவலி என்று மருத்துவரிடம் போனால் எங்கே, எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாரல்லவா? அதே முறைதான். கட்டுரைப் பாடத்தில் நிகழ்ச்சியை வரிசைப்படுத்தி எழுதும் பயிற்சிக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

லினக்சின் பிறப்பே ஒரு கேள்வியோடு தொடர்புடையது. 1991 ஆகஸ்டில் பின்லாந்தைச் சேர்ந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், அப்போது புழங்கிய மினிக்சில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை எனவும் பிறரைக் கேட்டார். கேட்டதால் உதவி வந்தது. தமிழிலும் கேட்க இடமுண்டு. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் பல ஆண்டுகளாகத் தமிழிலேயே ஐயம் தீர்த்து வருகின்றனர். 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் லினக்சையே வகுப்பறைக் கணினிகளில் பயன்படுத்துகின்றன. பிள்ளைகளுக்கு இது கடினம் என்பார்க்கு அதுவே விடை.

எல்லார்க்கும் உபுண்டுவே ஏற்றது என்று நான் சொல்லவில்லை. விண்டோசில் மட்டும் இயங்கும் மென்பொருள் தொழிலுக்குக் கட்டாயமெனில் அதை விட வேண்டாம். பள்ளிக்கு அரசு வழங்கிய கணினியில் அனுமதியின்றி எதையும் மாற்ற வேண்டாம். வீட்டில் பழைய கணினி இருந்தால், முதலில் பென்டிரைவிலிருந்தே உபுண்டுவை இயக்கிப் பாருங்கள். எதையும் அழிக்காமல் சோதிக்கலாம். பிடித்தால், முக்கியக் கோப்புகளைப் படியெடுத்துவிட்டு நிறுவுங்கள்.

ஐயம் எழுந்தால் நான்கு நாள் காத்திருக்காதீர்கள். அன்றே கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். உங்கள் பிள்ளை அருகில் இருக்கும்போது கேட்டால் இன்னும் நன்று. தெரியாததைக் கேட்பது இழிவன்று என்பதைப் பெற்றோரிடமிருந்துதான் பிள்ளைகள் முதலில் கற்கிறார்கள்.